ஐசியூவில் இருந்து வீடு திரும்பிய பிறகு: ஓபி தொடர் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு பக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களாவது இருந்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வெண்டிலேட்டரில் 2 நாளுக்கு மேல் இருந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள், ஐசியூவில் குழப்பமாகப் பேசியவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

நெஞ்சுச் சளி சரியாயிடுச்சு, டாக்டரே வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார். அப்புறம் எதுக்கு ஓபி?

எந்த நோய்க்காகச் சேர்த்தார்களோ அதற்கான ஓபி ஒன்று. ஐசியூவில் கிடந்ததால் உடம்புக்கும் மனசுக்கும் வந்ததைப் பார்க்கும் ஓபி இன்னொன்று. முதலாவதற்குத் தேதி எழுதித் தருவார்கள். இரண்டாவதைப் பல இடங்களில் யாரும் எழுதித் தருவதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நிமோனியாவோ, பாம்புக்கடியோ, பூச்சிமருந்தோ, விபத்தோ, டெங்குவோ, காரணம் எதுவானாலும் நீண்ட நாள் ஐசியூவில் இருந்தவர்களுக்குப் பின்னால் வரும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: தசை கரைந்து பலம் போவது, மறதியும் கவனக்குறைவும், பயமும் தூக்கமின்மையும். மருத்துவ உலகம் இந்த மூன்றையும் சேர்த்து ஒரே பெயரில் அழைக்கத் தொடங்கியது 2010க்குப் பிறகுதான். அதனால் அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதியாக இருந்தால் வியப்பில்லை.

நுரையீரல் டாக்டர் நுரையீரலைப் பார்ப்பார், சிறுநீரக டாக்டர் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்ப்பார். ஆளை முழுதாக உட்கார வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். இந்தத் தொடர் சிகிச்சையில் பெரும்பாலும் தப்பிப்போவது அந்த ஒரு இடம்தான்.

எப்போதெல்லாம் வர வேண்டும்?

வீட்டுக்கு வந்த 7 முதல் 14 நாளுக்குள் முதல் ஓபி. மாத்திரைகளைச் சரிபார்ப்பது, புண், குழாய், எடை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அன்றைக்கு. அடுத்தது 4 முதல் 6 வாரத்தில்: நடை, சாப்பாடு, விழுங்குதல், தூக்கம். மூன்றாவதுதான் முக்கியமானது, 2 முதல் 3 மாதத்துக்குள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2009லேயே இந்த 2–3 மாதப் பரிசோதனையை வற்புறுத்தியது. அதற்குள் வீட்டு வேலை, கடை, கணக்கு என்று ஆள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பப் பார்ப்பார். எங்கே இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பலம் திரும்பாதவர்களை 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கார்" என்று மூன்றாவது ஓபியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றைத்தான் விட முடியும் என்றால் அதைத் தவிர வேறு எதையாவது விடுங்கள்.

எந்த டாக்டரைப் பார்ப்பது?

சேர்த்த பிரிவின் டாக்டரிடமே தொடங்குங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்து வந்தவர்கள் பொது மருத்துவ ஓபியில் ஆரம்பித்தால், அங்கிருந்து காது மூக்கு தொண்டை, நரம்பியல், மனநலம், பிசியோதெரபி என்று எழுதி அனுப்புவார்கள். ஓபி சீட்டு காலை வேளையில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த யூனிட் என்று இருக்கும். அந்த யூனிட்டின் ஓபி கிழமையைக் கேட்டு அன்றைக்கே வாருங்கள். வேறு கிழமையில் வந்தால் உங்களைத் தெரியாத டாக்டரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

தனியாரில் இருந்து வந்தவர்கள், இத்தனை டாக்டர்களில் ஒருவரை "எல்லாச் சீட்டையும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய குடும்ப டாக்டராக இருந்தாலும் போதும்.

வரும்போது என்னென்ன கொண்டு வரணும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்த அறிக்கைகள், எக்ஸ்ரே, சிடி ஃபிலிம், காப்பீட்டு அட்டை. இவை எல்லோரும் கொண்டு வருவதுதான். சம்மரியில் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே பார்த்து, இல்லாததைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வெண்டிலேட்டரில் எத்தனை நாள், குழாய் எத்தனை நாள் தொண்டையில் இருந்தது, டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு வைக்கும் மூச்சுக்குழாய்) போட்ட தேதி, டயாலிசிஸ் எத்தனை முறை, சேர்க்கும்போது எடை, வீட்டுக்கு அனுப்பும்போது எடை, குழப்பம் இருந்ததா, ஸ்டீராய்டு எவ்வளவு நாள், எந்த மாத்திரை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்.

மாத்திரைகளைச் சீட்டாக இல்லாமல் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஐசியூவுக்கு முன்பு சாப்பிட்ட பழைய மாத்திரைகளும் அதே பையில். அடுத்த கேள்வியைப் படித்தால் காரணம் புரியும்.

சம்மரியில் 14 மாத்திரை இருக்கு. எல்லாம் ஆயுசு பூரா சாப்பிடணுமா?

இல்லை. முதல் ஓபியில் அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். தப்பு இரண்டு விதமாக நடக்கும்: ஐசியூவுக்காக ஆரம்பித்தது நிற்காமல் ஓடும், ஐசியூவில் நிறுத்தியது திரும்ப ஆரம்பிக்காமல் போகும்.

நிற்காமல் ஓடுபவை: ஐசியூ குழப்பத்துக்குக் கொடுத்த குயிட்டியாபின் அல்லது ஹாலோபெரிடால். குழப்பம் தெளிந்து வாரக்கணக்காகியும் இதைச் சாப்பிட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கி வழிபவர்கள் உண்டு. வீட்டார் அதை ஐசியூ பலவீனம் என்றே நினைத்திருப்பார்கள். வயிற்றுப்புண் வராமல் இருக்கக் கொடுத்த பான்டப்ரசோல். காய்ச்சல் உச்சத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியபோது தொடங்கிய அமியோடரோன். துடிப்பு சீரான பின்னும் வேண்டுமா என்று இதய டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், நீண்ட நாள் சாப்பிட்டால் தைராய்டையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடியது அது. தலையில் அடிபட்டவர்களுக்கு, வலிப்பே வராதபோதும் முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த வலிப்பு மாத்திரை. தூக்க மாத்திரைகள்.

திரும்ப ஆரம்பிக்காமல் போகிறவை: தைராய்டு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், சிறுநீரகத்துக்காக நிறுத்திய மெட்ஃபார்மின்.

இன்சுலினைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசியூவில் கிருமித் தொற்றாலும் ஸ்டீராய்டாலும் சர்க்கரை ஏறிக் கிடந்தபோது நிர்ணயித்த அளவு, வீட்டில் பாதிச் சாப்பாடு சாப்பிடும்போது அதிகமாகிவிடும். விடியற்காலை வேர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், உளறல் என்றால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். முதல் 2 வாரம் தினமும் சாப்பாட்டுக்கு முன் பார்த்து எழுதி வைப்பது நல்லது.

ஸ்டீராய்டும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் நீங்களாக நிறுத்தக் கூடாதவை. 3 வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று திரும்பவும் ஐசியூவில் கொண்டு வந்து விடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எழுந்து நிக்கவே தள்ளாடுறார். எப்ப பழைய பலம் வரும்?

கடும் நோயில் வெண்டிலேட்டரில் கிடப்பவருக்கு முதல் 10 நாளிலேயே தொடைத் தசையின் குறுக்களவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். போனது 10 நாளில், வருவது மாதக்கணக்கில். பலருக்கு 6 மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். "ரெஸ்ட் எடுத்தால் சரியாகும்" என்பது இங்கே கெடுதலான அறிவுரை.

வீட்டில் செய்யத்தக்க முதல் பயிற்சி நாற்காலியில் இருந்து எழுவது. கைப்பிடி இல்லாத, சுமார் ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகாலை முட்டிக்குச் சற்று உள்ளே இழுத்து, முன்னால் குனிந்து எழச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் முன்னால் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ளலாம். உட்காரும்போது பொத்தென்று விழாமல் 3 எண்ணி இறங்க வேண்டும். தசை கட்டுவது அந்த இறக்கத்தில்தான். 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5. இப்படிக் காலையும் மாலையும். 5 எளிதானதும் 8, பிறகு 10.

முன்னேற்றத்தை அளக்கவும் இதையே வைத்துக்கொள்ளலாம். கைகளை மார்பில் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று வாரம் ஒருமுறை எண்ணித் தேதியோடு எழுதுங்கள். 60–64 வயது ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12 என்பதற்குக் கீழே இருந்தால் வயதுக்குரிய பலம் இன்னும் வரவில்லை என்று பொருள். ஓபியில் இந்தத் தாளைக் காட்டினால், "பரவாயில்லைங்க" என்ற பதிலைவிட டாக்டருக்கு அதிகம் புரியும்.

நடை: முதலில் வீட்டுக்குள் 2–3 நிமிடம், நாளைக்கு 4–5 முறை. வாரத்துக்கு ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். வார்த்தை வார்த்தையாக நின்றால் வேகம் அதிகம். ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி) 88க்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ உட்கார்ந்துவிட வேண்டும். மறுநாள் எழவே முடியாத அளவு அசதி என்றால் முந்தின நாள் அளவு மீறிவிட்டது. பாதியாகக் குறைத்து மறுபடி ஏறுங்கள்.

சேலத்துக்கு வாரம் இரண்டு முறை பிசியோவுக்கு வர முடியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு.

பாதம் தொங்குது, செருப்பு நழுவுது. இதுவும் பலவீனம்தானா?

வேறு. குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் நரம்பு அடிபட்டிருக்கிறது. ஒரு காலில் மட்டும் என்றால் முட்டிக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு படுக்கையில் அழுந்தியிருக்கலாம். இரு காலிலும் என்றால் கடும் நோயே நரம்பைப் பாதித்திருக்கலாம். பாதத்தை நிமிர்த்தி வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை இப்போதே போட வேண்டும். நரம்பு தேறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் குதிகால் நார் சுருங்கிப்போகும். பிறகு நரம்பு தேறினாலும் பாதம் தரையில் ஒட்டாது.

பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்கள் கவனிக்க: சிலவகைப் பூச்சிமருந்துகளால் 1 முதல் 3 வாரம் கழித்து, எல்லாம் சரியான பிறகு, ஆடுதசையில் குரக்களி (தசை இழுத்துப் பிடிப்பது), பாத எரிச்சல், அப்புறம் இரு பாதமும் தொங்குவது என்று வரும். நரம்பியல் ஓபிக்கு உடனே வாருங்கள்.

முழங்கையோ இடுப்போ நாளுக்கு நாள் மடங்க மறுத்து, தொட்டால் சூடாக வீங்கியிருந்தால் பிசியோவை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தசைக்குள் எலும்பு படிவது ஐசியூவுக்குப் பின் அபூர்வமாக வரும்; பலவந்தமாக மடக்கினால் மோசமாகும்.

உடம்பு தேற ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறோம். போதுமா?

சேலத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஜவ்வரிசி மரவள்ளி மாவுச்சத்து, அவ்வளவுதான். 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. எளிதில் இறங்கும், தெம்பு தரும், வயிறு நிறைக்கும், நிறைத்துவிடுவதுதான் பிரச்சினை. தசை வளர்க்கும் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் போகும். கொடுங்கள், பாலில் காய்ச்சி, நிலக்கடலைப் பொடியோ பொட்டுக்கடலை மாவோ 2 தேக்கரண்டி கலந்து.

தேறிவருபவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60–75 கிராம். 2 முட்டையில் 12, பால் 400 மில்லியில் 13, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, கெட்டிப் பருப்பு ஒரு கப்பில் 8, சமைத்த கோழியோ மீனோ 75 கிராமில் 15–18. இட்லி, களி, சோற்றில் இருந்து மீதி வந்துவிடும். கறி சாப்பிடாதவர்கள் தயிர், பனீர், சோயா, கடலை என்று கூட்ட வேண்டும்; ரசம் சாதத்தில் இந்தக் கணக்கு தேறாது. மூன்று வேளையில் முடியாது, ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள்.

சிறுநீரகம் பாதித்தவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று பருப்பையே நிறுத்திவிட வேண்டாம். எடையை வாரம் ஒருமுறை, காலையில், ஒரே மெஷினில் பாருங்கள். 2–3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீக்கத்தைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணி குடிச்சா புரையேறுது, சோறு இறங்குது. ஏன்?

தொண்டையில் குழாய் இருந்தவர்களுக்கு விழுங்கும் தசைகள் மந்தமாகியிருக்கும். தண்ணீர் வேகமாக ஓடுவதால் மூச்சுக்குழாய் மூடுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. கெட்டியானது மெதுவாக இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, தேக்கரண்டியால், ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. கஞ்சியாகவோ கூழாகவோ கெட்டியாக்கிக் கொடுங்கள். தட்டுவடை செட், முறுக்கு, பொரி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருமல் இல்லாமலும் உள்ளே போகலாம். சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, மாலையானால் காய்ச்சல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி இவை அடையாளம். காது மூக்கு தொண்டை ஓபியில் விழுங்கும் பரிசோதனை கேளுங்கள்.

வந்து ஒரு மாசம் கழிச்சு மூச்சில் விசில் சத்தம். ஆஸ்துமான்னு இன்ஹேலர் கொடுத்தாங்க, கேக்கலை.

இதை அலட்சியம் செய்யவே கூடாது. வெண்டிலேட்டருக்காகத் தொண்டையில் போட்ட குழாயின் பலூன் அழுத்திய இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பாகிச் சுருங்கும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும், ஆஸ்துமா போலவே இருக்கும். வித்தியாசம்: சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது, நெஞ்சைவிடக் கழுத்தில் பலமாகக் கேட்கும், இன்ஹேலருக்கு அசையாது, படி ஏறினால் கூடும். முன்பு ஆஸ்துமாவே இல்லாதவர், வெண்டிலேட்டரில் இருந்தவர் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். "தொண்டையில் இத்தனை நாள் குழாய் இருந்தது" என்று டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உள்நோக்கி (கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தோ, கழுத்து சிடி எடுத்தோ உறுதி செய்வார்கள். உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்டால் ஓபிக்குக் காத்திருக்காமல் 108.

டிரக்கியாஸ்டமி குழாயோடு அனுப்பியிருக்காங்க. வீட்டில் என்ன பண்ணணும்?

டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டில் இரண்டு பேர், சளி உறிஞ்சுவதையும் குழாயைச் சுத்தம் செய்வதையும் நர்ஸ் முன்னால் கையால் செய்து காட்டியிருக்க வேண்டும். ஒருவர் போதாது, அவருக்கும் காய்ச்சல் வரும்.

சக்ஷன் ட்யூப் (சளியை உறிஞ்சும் குழல்) கழுத்துக் குழாயின் உள் விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 8 எண் குழாய்க்கு (உள் விட்டம் 8 மி.மீ.) 12 எண் ட்யூப் (4 மி.மீ.); இரண்டுக்கும் எண் கணக்கு வேறு. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான், மொத்தம் 10 விநாடிக்கு மிகாமல். உள்குழாய் உள்ள வகையானால் நாளைக்கு 2–3 முறை கழற்றிக் கழுவுங்கள். சளி காய்ந்து கட்டியாவதுதான் அடைப்புக்கு முதல் காரணம். குழாய் வாயில் ஈரத் துணி மறைப்போ அதற்கான ஃபில்டரோ இருக்க வேண்டும். படுக்கையருகே எப்போதும் அதே அளவுக் குழாய் ஒன்று, ஒரு அளவு சிறியது ஒன்று, கத்தரிக்கோல், கட்டும் நாடா. மூச்சு அடைத்தால் முதலில் உள்குழாயை எடுங்கள், சக்ஷன் செய்யுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். எப்போது எடுப்பது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் காது மூக்கு தொண்டை ஓபியின் முடிவு.

எங்க வீடு ஏற்காட்டுல, எஸ்டேட் லைன்ல. கீழே இருக்கும்போது ஆக்சிஜன் நல்லா இருந்தது, மேலே போனா குறையுது. மெஷின் கோளாறா?

மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது. சேலம் கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். நல்ல நுரையீரலுக்கு இது தெரியவே தெரியாது, ஒன்றிரண்டு எண் இறங்கும். நிமோனியாவில் தழும்பான நுரையீரலுக்கு இறக்கம் அதிகம். சேலத்தில் 92 காட்டியவர் மேலே போய் 88க்கு வரலாம். டிஸ்சார்ஜ் செய்த டாக்டருக்கு நீங்கள் மலைக்குப் போகிறீர்கள் என்று தெரிந்திருக்காது. முகவரியில் சேலம் மாவட்டம் என்றுதானே இருக்கிறது.

ஆகவே முதலிலேயே சொல்லுங்கள்: "எங்கள் வீடு மலைமேல்." கீழே ஓய்வில் 95க்கு மேல் இருந்து, 6 நிமிடம் நடந்தும் 90க்குக் கீழே போகாதவர் மேலே போகலாம். 92–94 காட்டுபவர் அடிவாரத்திலோ சேலத்திலோ உறவினர் வீட்டில் 2–3 வாரம் தங்கிவிட்டு ஏறுவது உத்தமம். அதற்கும் கீழே என்றால் மேலே ஆக்சிஜன் ஏற்பாடு இல்லாமல் போகக் கூடாது.

மேலே போனதும் முதல் 3 நாள் காலை, மாலை, தூங்கும் முன் அளந்து எழுதுங்கள். ஏற்காட்டுக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் எண் தப்பாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்த பிறகு ஒரு நிமிடம் கழித்துப் படியுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி சற்றுக் கூடுதலாகவே காட்டும். அதனால் 90 என்றால் 90 என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு (காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) மின்சாரம் வேண்டும். மழை, காற்று நாட்களில் மலையில் மின்தடை வரும். பக்கத்தில் ஒரு பி-டைப் சிலிண்டர் வையுங்கள். அதில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். விறகடுப்பு இருக்கும் அறையில் இரண்டையும் வைக்கக் கூடாது. நெருப்பு ஒரு பக்கம் இருக்க, விறகுப் புகையே தேறும் நுரையீரலைக் கெடுக்கும். படுக்கை அடுப்படியை விட்டுத் தள்ளியிருக்கட்டும்.

ஓபிக்கு இறங்கும் நாளில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றோடும் வேண்டாம், நிறைய சாப்பிட்டும் வேண்டாம். 2 இட்லி, முன்பக்க இருக்கை. பெருமழையில் மண் சரிந்து பாதை மூடினால் குப்பனூர் வழி இருக்கிறது. மருந்து தீரும் நாளுக்கு 5 நாள் முன்பே இறங்கி வாங்கி வையுங்கள்.

ஐசியூல டயாலிசிஸ் பண்ணாங்க. இப்ப கிரியேட்டினின் நார்மல். விட்டுடலாமா?

விடாதீர்கள். கிரியேட்டினின் தசையில் இருந்து வருவது. தசை கரைந்தவருக்குச் சிறுநீரகம் முழுதாகத் தேறாமலே எண் அழகாக இருக்கும். 3 மாதத்தில் கிரியேட்டினினோடு சிறுநீரில் அல்புமினும் (கசியும் புரதம்) பாருங்கள். அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பின்னும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ராத்திரி அலறி எழுந்திரிக்கிறார். நர்ஸ் விஷ ஊசி போட்டாங்கன்னு சொல்றார். புத்தி பேதலிச்சுடுச்சா?

இல்லை. கடும் காய்ச்சல், மயக்க மருந்து, தூக்கமின்மை, இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஐசியூவில் குழப்பம் வரும். கையைக் கட்டியதைக் கடத்தலாகவும், சக்ஷன் போட்டதைக் கழுத்தை நெரிப்பதாகவும் மூளை பதிந்து வைக்கும். நடந்த சம்பவம் போலவே நினைவிருக்கும். "அதெல்லாம் கனவு, விடு" என்று அடக்க வேண்டாம், கேலியும் வேண்டாம். என்ன கண்டார் என்று சொல்லவிட்டு, அந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று தேதிவாரியாகச் சொல்லுங்கள். ஐசியூவில் இருக்கும்போதே தினம் நாலு வரி நோட்டில் எழுதி வைத்த குடும்பங்களுக்கு இது எளிது. இன்னும் உள்ளே இருப்பவருக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டாலே நடுக்கம், ஓபிக்கு வர மறுப்பது தொடர்ந்தால் மனநல ஓபி. டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பூச்சிமருந்தோ எலி பேஸ்டோ சாப்பிட்டுப் பிழைத்தவருக்கு மனநல டாக்டரின் முதல் சந்திப்பு டிஸ்சார்ஜுக்கு முன்பே நடக்க வேண்டும். திரும்பிய பின் வரும் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. வீட்டில் உள்ள பூச்சிமருந்து டப்பாக்களை அவர் வருவதற்கு முன் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாத்திரைகளை ஒருவர் கையில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள். போலீஸ் கேஸ் பயத்தில் ஓபியைத் தவிர்க்க வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை விடும் முயற்சியைக் கடும் மன அழுத்தத்தின் விளைவாகவே கருதித் தண்டனையில் இருந்து விலக்குகிறது.

சில்லறை எண்ண வரலை, சொன்னதையே சொல்றார். வயசு 45தான்.

2013இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஐசியூவில் இருந்து வந்து 3 மாதம் ஆனவர்களில் 100க்கு 40 பேரின் சிந்தனைத் திறன், நடுத்தரத் தலைக்காயம் பட்டவர்களின் அளவில் இருந்தது. இளவயதினரும் இதில் அடக்கம். ஓபியில் 10 நிமிட எழுத்து, நினைவுச் சோதனை போதும். அதுவரை வங்கி, பத்திரம், கடன் கையெழுத்து எதையும் அவர் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை, சுவரில் பெரிய காலண்டர், மாத்திரைக்கு அலாரம். தைராய்டு, பி12, தூக்க மாத்திரை மூன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முடி கொத்துக்கொத்தா கொட்டுது.

நோய்க்குப் பின் 2–3 மாதத்தில் கொட்டும், தானே முளைக்கும். எண்ணெய்க்குச் செலவு செய்வதை முட்டைக்குச் செய்யுங்கள். நகத்தில் குறுக்குப் பள்ளம் தெரிந்தால் அதுவும் இதே கணக்கு.

வேலைக்கு எப்பப் போகலாம்?

வேலையைப் பொறுத்தது. மேசை வேலை என்றால் 3 மாதத்தில் அரை நாளாகத் தொடங்கலாம். கவனம் சிதறுவதுதான் அங்கே தடை. குழித்தறியில் மிதிக்க இரண்டு பாதமும் வேலை செய்ய வேண்டும், பாதம் தொங்குபவருக்கு அது இப்போதைக்கு ஆகாது. நெசவுக்கு நூல் தார் சுற்றுவதில் ஆரம்பிக்கலாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் புகையும் அமில ஆவியும் நுரையீரல் பாதித்தவருக்குக் கூடாது. கோர்ப்பது, எடை போடுவது போன்ற வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். எஸ்டேட்டில் சமதளத்தில் காப்பிக்கொட்டை காயவைப்பதில் தொடங்கி, சரிவில் பழம் பறிப்பது பிறகு. மிளகுக்கு ஏணி ஏறுவது கடைசி. பைக் ஓட்டுவதற்கு வலிப்பு வந்திருக்கிறதா, பாதம் பிரேக்கை அழுத்துகிறதா, தூக்க மாத்திரை உண்டா என்ற மூன்றையும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான்.

தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்கலாம். இரண்டு மாடிப் படி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் தடையில்லை.

கூட இருந்து பார்த்தவளுக்கே தூக்கம் வரலை. அவங்களும் ஓபிக்கு வரலாமா?

வர வேண்டும். ஐசியூ வாசலில் வாரக்கணக்கில் பாய் விரித்துக் கிடந்தவர்களுக்கும் பதற்றமும் மனச்சோர்வும் வருவது தெரிந்த விஷயம். தனிச் சீட்டு போட்டு அதே நாளில் காட்டுங்கள். அவர்கள் தங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை விட்டிருப்பார்கள், அதையும் கேளுங்கள்.

செலவு?

அரசு மருத்துவமனையில் ஓபியும் மருந்தும் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கானது. தனியாரில் ஓபி செலவு கைக்காசுதான் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தனியாரில் ஐசியூ முடித்தவர்கள் தொடர் சிகிச்சைக்கு அரசு ஓபிக்கு வருவதில் தடை எதுவும் இல்லை, சம்மரி இருந்தால் போதும்.

தடுப்பூசி ஏதாவது?

ஃப்ளூ ஊசி வருடத்துக்கு ஒன்று, நிமோகாக்கல் ஊசி டாக்டர் சொல்லும் முறையில். விபத்தில் மண்ணீரலை எடுத்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலும் அவசரம்தான்.

ஓபி தேதிக்குக் காத்திராமல் எப்போது கிளம்பணும்?

ஓய்விலேயே மூச்சு வாங்குவது அல்லது ஆக்சிஜன் வழக்கத்தைவிட 4 எண் குறைவது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்; கிருமித் தொற்றில் பிழைத்தவருக்கு முதல் 3 மாதத்தில் மறுதொற்று எளிதில் வரும். திடீர்க் குழப்பம். ஒரு காலில் மட்டும் ஆடுதசை வீங்கி வலிப்பது. நெஞ்சு வலி. சளியில் ரத்தம், தார் போல் கறுத்த மலம். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் அரை லிட்டர்கூட வராதது. உயிரை விடுவதாகப் பேசுவது.

இவற்றில் எது வந்தாலும் 108. மலையில் இருப்பவர்கள் கீழே இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதை மனதில் வைத்து, "விடியட்டும்" என்று பார்க்காமல் ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, ஆக்சிஜனோடு இறங்குங்கள். சம்மரியின் நகல் ஒன்றும் மாத்திரைப் பையும் கதவுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கட்டும்.